நாலடி கொறஞ்ச கயிறு

மொதல்ல எனக்கு துரோகம் பண்ணது யேசுதாசன் சாரு. பி.டி. வாத்தியாரு யேசுதாசன். அந்தப் பேர மட்டும் ஞாபகம் வெச்சிக்குங்க சார், மீதி நான் சொல்றேன். டேப்பு முனைய இப்டி குடுங்க. நான் புடிச்சிக்கிறேன், நீங்க செவுத்தாண்ட போங்க. பயப்படாதீங்க, நகர மாட்டேன். முப்பது வருசம் இதே கிரவுண்டுல கயித்து முனைய புடிச்ச கையி சார் இது.

கட்டடத்துக்கு அளக்க வந்தவன்கிட்ட இன்னாத்துக்கு இந்தக் கதன்னு பாக்குறீங்க. காரணம் கீது. உங்க வேல முடிஞ்சதும் எனக்கு ஒண்ணே ஒண்ணு அளந்து குடுக்கணும். பத்து நிமிசம் கூட ஆவாது. திங்கக்கெழம ஜே.சி.பி. வருதுன்னு ஹெட்மாஸ்டர் சொன்னாரு. அது வந்து மண்ண பொரட்டிட்டா அப்பால அல்லாவே வந்தாலும் அளக்க முடியாது. இன்னிக்கி விட்டா போச்சு சார்.

இன்னாத்த அளக்கணுமா? தோ, புல்லுல பாருங்க. சொட்டை மாதிரி ஒரு கோடு வளஞ்சிகினு போவுதா? சுண்ணாம்பு போட்ட எடம் சார். கெட்டியா போட்டா வருசக்கணக்குல புல்லு மொளைக்காது. அதான் ட்ராக்கு. எரநூறு மீட்டர். நான் போட்டது.

எனக்கு எழுத்துல போட்ட வேல தண்ணி ரொப்பறது. பேரு கிபாயத்துல்லா. ஆனா ஸ்கூல்ல எவனுக்கும் அந்தப் பேரு தெரியாது. சுண்ணாம்பு பாய்னா ஆறாங்கிளாஸ் புள்ள கூட கைய காட்டும். பால் பவுடர் டப்பால ஓட்ட போட்டு, குச்சி கட்டி, ஆட்டிகினே நடப்பேன். கோடு ஒரு எடத்துல தடிச்சி ஒரு எடத்துல மெலிஞ்சி போவாது. நான் படிக்கல சார். ரெண்டாங்கிளாசோட வுட்டுட்டேன். ஆனா என் கோட்ட பாத்து யாரும் கொற சொன்னதில்ல. அதான் என் திமிரு. அந்தத் திமிருதான்... சரி, அத அப்பால சொல்றேன்.

யேசுதாசன் புதுசா வந்தப்போ நல்லாத்தான் இருந்தாரு. இரும்பு டேப்ப வெச்சி அவரே ஒரு நா முழுக்க வெயில்ல நின்னு அளந்தாரு. தோ, இந்தக் கோடிக்கு ஒண்ணு, அந்தக் கோடிக்கு ஒண்ணு, ரெண்டு இரும்பு முளைய சிமெண்டு போட்டு நட்டாரு. முளைலேர்ந்து வளைவு வரிக்கும் தேங்கா நாரு கயிறு ஒண்ணு வெட்டி என் கையில குடுத்து, பாய், இனிமே டேப்பே வேணாம், முளைல மாட்டி கயித்த இஸ்து புடிச்சிகினு சுத்தி வாங்க, கோடு தானா வரும்னாரு. கயித்தோட அளவ பி.டி. ரூம் கதவுக்கு உள்பக்கம் பச்ச பெயிண்டுல அவர் கையால எழுதி வெச்சாரு. அறுபத்திரெண்டு அடி எட்டு இன்ச்சு. இன்னும் கீது. வாங்க, அப்பால காட்றேன். அந்தக் கதவையும் இடிக்கறதுக்கு முன்னாடி பாத்துக்குங்க.

கொஞ்சம் தளர வுடுங்க சார், டேப்பு முறுக்கிகினு கீது. ஆங், இப்ப சரி.

மொத ரெண்டு வருசம் ஒழுங்கா கிளாஸ் எடுத்தாரு. அப்பால இன்னா ஆச்சோ, வேப்ப மரத்தடியில நாற்காலி, பேப்பரு, டீ. ஆறு, ஏழு, எட்டு, மூணு கிளாசுக்கும் வாரத்துல ரெண்டு பீரியடு பி.டி. அந்த ரெண்டுல ஒண்ண கணக்கு டீச்சர் செல்வமேரி வாங்கிகினு போயிடுவாங்க. போர்ஷன் முடியலியாம். இவரு எடுத்துக்குங்க டீச்சர்னு சிரிச்சிகினே குடுப்பாரு. மீதி ஒரு பீரியடுல இன்னா நடக்கும்? அறுபது புள்ளைங்களுக்கு ஒரு வாலிபாலு. பசங்கள முள்ளு புடுங்க வுடுவாரு, கல்லு பொறுக்க வுடுவாரு. பொண்ணுங்க மரத்தடியில குந்திகினு நோட்டு எழுதும். இன்ஸ்பெக்சன் வர்ற வாரம் மட்டும் மாஸ் டிரில்லு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, கைய தூக்கு, கைய எறக்கு. இன்ஸ்பெக்டர் கார் ஜி.எஸ்.டி. ரோட்டுல திரும்பறதுக்குள்ள கை எறங்கிடும்.

நான் கோடு போட்டு வெச்சிகினு நிப்பேன் சார். ஓட ஆள் வராது. எவ்ளோ எரிச்சலா இருக்கும். பன்னெண்டு வயசு, பதிமூணு வயசு. கால் கையெல்லாம் திடீர்னு வளந்து, அத இன்னா பண்றதுன்னு தெரியாம நெளிஞ்சிகினு கீற வயசு. அப்ப ஓட வுடாம எப்ப ஓட வுடுவ? படிப்புனா மண்டைக்கி மட்டுந்தானா சார், காலுக்குக் கெடையாதா? நான் ஒரு தபா அவர்கிட்டயே கேட்டேன். பாய், நீங்க தண்ணிய ரொப்புங்கன்னாரு.

அதெல்லாம் கூட போவட்டும். கயித்துக்கு வர்றேன். ரெண்டாயிரத்து நாலு, டிசம்பர். அந்த வருசம் மழையில பி.டி. ரூம்ல தண்ணி பூந்து கயிறு ஒரு எடத்துல ஊறி அழுவிப் போச்சு. மாட்டி இஸ்தேன், பட்டுனு அறுந்துது. அழுவின எடத்த வெட்டிப் போட்டு, கயித்த தூக்கிகினு யேசுதாசன்கிட்ட போனேன். சார், கயிறு அறுந்துடுச்சி, டேப்ப குடுங்க, புது கயிறு வெட்டிக்கிறேன்னேன். நல்லா கேட்டுக்குங்க. டேப்ப குடுங்கன்னு நான் கேட்டேன். அவரு பேப்பர்லேர்ந்து தலைய எடுக்காமயே, முடிச்சிப் போட்டுக்குங்க பாய், இதுங்க ஓடி இன்னா கிழிக்கப் போவுதுன்னாரு. நாலடி போச்சே சார்னேன். நாலடி தானேன்னாரு.

டேப்ப ஏன் குடுக்கலன்னு அப்போ எனக்குத் தெரியல. நாலு மாசம் கழிச்சிதான் வாட்ச்மேன் தாவீது சொன்னான். டேப்பு பீரோல இருந்தாத்தானே குடுப்பாரு. அவரு மச்சான் மேடவாக்கத்துல வூடு கட்டிகினு இருந்தாரு. ஸ்கூல் டேப்பு அங்க கடக்கால் அளக்கப் போனது, போனதுதான். உங்களுக்கும் இதுக்கப்பறம் மேடவாக்கத்துல சைட்டுன்னு சொன்னீங்கல்ல. எங்கியாவது பச்ச கலர் பொட்டியில அம்பது மீட்டர் டேப்ப பாத்தீங்கன்னா எங்க ஸ்கூலுதான்.

சிரிக்காதீங்க சார். நான் சிரிக்கல.

ஜனவரில மேலேர்ந்து ஒரு ஃபாரம் வந்துது. ஆறு ஏழு எட்டு படிக்கிற எல்லா புள்ளையும் அறுநூறு மீட்டர் ஓடணும், டைம எழுதி அனுப்பணும். மூணு சுத்து. வேற வழியில்லாம யேசுதாசன் வாட்ச எடுத்தாரு. நான் முடிச்சிப் போட்ட கயித்துல கோடு போட்டேன். புள்ளைங்க ஓடுச்சிங்க. பாதி, ரெண்டாவது சுத்துலயே வயித்த புடிச்சிகினு குந்திடுச்சிங்க. எப்டி ஓடும், முன்னாடி ஓடியிருந்தாத்தானே. அதுல எட்டாங்கிளாஸ் பி செக்‌ஷன்ல ஒரு பொண்ணு. சுடிதாரு, துப்பட்டாவ மடிச்சி ரெண்டு பக்கமும் பின்னு குத்திகினு, வெறுங்கால்ல. வளைவுல மத்த புள்ளைங்கல்லாம் வெளிய தள்ளிப் போச்சி, இது மட்டும் என் கோட்டுக்கு அரை ஜாண் தள்ளி, கோட்ட மிதிக்காம, நூல் புடிச்ச மாதிரி வருது. முடிச்சதும் யேசுதாசன் வாட்ச பாத்தாரு. ரெண்டாவது தபா பாத்தாரு. நாற்காலிய வுட்டு எந்திரிச்சாரு சார். அந்தாளு எந்திரிச்சி நான் பாத்தே வருசமாச்சு.

அது என் பேத்தி. மெஹ்னாஸ். என் மவ மெஹ்ரீனோட பொண்ணு, எங்க வூட்டுலதான் வளர்றா. தாத்தான்னு சொல்ல மாட்டா, எங்க வழக்கத்துல நன்னான்னுதான் என்ன கூப்புடுவா. அதுவரிக்கும் அவளுக்கு ஓட வரும்னு எனக்கே தெரியாது. வூட்டுல எங்க ஓடறது, பத்துக்குப் பத்து ரூமுல?

அப்பால ரெண்டு மாசம், உள்ளத சொல்லணும், யேசுதாசன் மெய்யாலுமே வாத்தியாரா இருந்தாரு. சாய்ங்காலம் ஸ்கூல் வுட்டதும் அவள ஓட வுடுவாரு. மொத சுத்துல அவசரப்படாத, கைய அகலமா வீசாதன்னு கத்திகினே கூட ஓடுவாரு, தொப்பையோட. நான் தெனம் கோடு போட்டேன். முன்னெல்லாம் வருசத்துக்கு ஒரு தபா, ஸ்போர்ட்ஸ் டேக்கு மட்டுந்தான் போடுவேன். அந்த ரெண்டு மாசம் தெனம், கெட்டியா, ரெண்டு டப்பா. சொட்டை இன்னும் அப்டியே கீதுன்னா அதான் காரணம். என் பொண்டாட்டி நூர் பீவி கேப்பா, ஸ்கூல் சுண்ணாம்ப பூரா உன் பேத்திக்கே போடறியான்னு. ஆமா, போட்டேன். இன்னா இப்ப?

ஒரு நிமிசம் அம்பத்திமூணு செகண்டு. அதான் அவ டைமு. அம்பத்தஞ்சுக்குள்ள வந்தா ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்ல எடுப்பாங்கன்னு யேசுதாசன் சொன்னாரு. படிப்பு, சாப்பாடு, ஷூ, எல்லாம் அவங்களே. மெஹ்ரீன் ஒத்துக்கல. பொட்டப்புள்ளைய வெளிய தங்க வுடறதான்னு அழுதா. நாந்தான் ராவும் பகலும் பேசி சரிகட்டுனேன். ஃபாரத்துல டைம எழுதி ஹெட்மாஸ்டர் கையெழுத்துப் போட்டு அனுப்புனாங்க.

ஏப்ரல் மாசம் செலக்‌ஷன். சிட்டில பெரிய ஸ்டேடியம், செவப்பு கலர் ட்ராக்கு. காலைல மொத ட்ரெயின புடிச்சி சானடோரியம் ஸ்டேஷன்லேர்ந்து போனோம். ஓடுனா சார். நல்லாத்தான் ஓடுனா, என் கண்ணுக்கு. முடிச்சிட்டு சிரிச்சிகினே என்னாண்ட ஓடியாந்தா. அப்பால டைம படிச்சாங்க. ஒரு நிமிசம் அம்பத்தெட்டு. அந்த அஞ்சு செகண்டு எங்க போச்சின்னு அவளுக்குத் தெரியல. எனக்குந்தான். திரும்பி வரும்போது ட்ரெயின்ல அவ கால ரெண்டையும் சீட்டு மேல தூக்கி வெச்சிகினு, தொடைய கையால அமுக்கி அமுக்கிப் பாத்துகினே வந்தா. காலுக்குள்ள இன்னாவோ ஒடஞ்சிட்ட மாதிரி.

இல்ல சார், அதோட முடியல. அடுத்த வாரம் ஹாஸ்டல்லேர்ந்து லெட்டர் வந்துது. நீங்க எழுதுன டைமுக்கும் இங்க ஓடுனதுக்கும் அஞ்சு செகண்டு வித்தியாசம் வருதே, உங்க கிரவுண்டு சரியா அளந்ததான்னு. ஹெட்மாஸ்டர் எல்லாரையும் கூப்ட்டாரு. யேசுதாசன், நானு, மெஹ்ரீன், மெஹ்னாஸ். அப்ப யேசுதாசன் நெஞ்ச நிமித்திகினு சொன்னாரு, நானே டேப்பு புடிச்சி அளந்தது சார், எரநூறு மீட்டர்ல ஒரு இன்ச்சு கொறையாது. பொண்ணு பெரிய ஸ்டேடியத்த பாத்து பயந்துடுச்சி. ஸ்டாமினா பத்தல. வூட்டு சாப்பாடு அப்டின்னாரு.

வூட்டு சாப்பாடாம்.

அன்னிக்கி சாய்ங்காலம் வேப்பெலை சருகு எரிக்கிற குழியில என் கயித்தையும் போட்டுட்டாரு. நார் கயிறு எரியற நாத்தம் தண்ணி டேங்க் வரிக்கும் வந்துது. நான் அதுக்கப்பறம் சுண்ணாம்பு டப்பாவ தொடல. அடுத்த வருசம் அவரு ரிட்டயர் ஆயி அஸ்தினாபுரத்துல வூட்டோட குந்திட்டாரு. அவரு எடத்துக்கு இன்னும் ஆள் போடல. ரெண்டு வருசமா பி.டி. பீரியடே கெடையாது, ரெண்டும் கணக்குதான். இப்போ கிரவுண்டும் போவுது.

முடிஞ்சிதா உங்க அளவு? எழுதிக்கினீங்களா? அப்ப என்னுது. சொம்மா ஒரே அளவுதான். அந்த இரும்பு முளைலேர்ந்து இந்த சொட்டை கோடு வரிக்கும். கயிறு இல்லன்னா இன்னா சார், கயிறு போட்ட கோடு இருக்குதே. முளைல நீங்க வெச்சிக்குங்க, கோட்டுல நான் புடிக்கிறேன். சொட்டைக்கு உள்பக்கம். இஸ்து புடிங்க. இன்னும். ஆங்.

எத்தினி?

இன்னொரு தபா பாருங்க. அம்பத்தெட்டு அடி ஆறு இன்ச்சு. நல்லா பாத்தீங்களா? கதவுல எழுதினது அறுபத்திரெண்டு எட்டு. கொறைச்சல் நாலடி ரெண்டு இன்ச்சு.

அல்ஹம்துலில்லா.

ஏன் சார் அப்டி பாக்குறீங்க? நான் கோடு சரின்னு நிரூபிக்கத்தான் கூப்ட்டேன்னு நெனச்சீங்களா. இல்ல சார். கம்மியா வரணும்னுதான் காலைலேர்ந்து வேண்டிகினு இருந்தேன். நேத்து ராத்திரி தூங்கல, எங்கியாவது கரீட்டா வந்து தொலச்சிடுமோன்னு.

சொல்றேன், இருங்க. நாலடி தானேன்னு நானும் நெனச்சேன். கயித்துல நாலடி போச்சுன்னா ஓட்டத்துலயும் நாலடி போவும், நாலடிய ஒரு எட்டுல தாண்டிடலாம், அதுக்கும் அஞ்சு செகண்டுக்கும் இன்னா சம்பந்தம்? மூணு வருசம் அப்டியேதான் நெனச்சிகினு இருந்தேன். போன மாசம் செல்வமேரி டீச்சர் எட்டாங்கிளாசுக்கு வட்டம் நடத்திகினு இருந்தாங்க. பி.டி. பீரியடுதான் அது. நான் குடத்த வெக்கப் போனவன் போர்ட பாத்துகினே நின்னுட்டேன். நடுவுல ஒரு புள்ளி, அதுலேர்ந்து ஒரு கோடு, சுத்தி வட்டம். என் முளை, என் கயிறு. அப்டியே இருந்துது. கிளாஸ் முடிஞ்சி அந்தம்மாகிட்ட கேட்டேன், டீச்சர், அந்தக் கோட்டுல நாலடி கொறஞ்சா வட்டத்துல எத்தினி கொறையும்னு. சாக்பீசால தரையிலயே போட்டாங்க. இருபத்தஞ்சு அடி பாய்னாங்க. ஒரு சுத்துக்கு இருபத்தஞ்சு. ரெண்டு வளைவும் சேந்தா ஒரு முழு வட்டம் ஆயிடுதாம். மூணு சுத்துக்கு எழுபத்தஞ்சு அடி. அவ ஓடற வேகத்துக்கு எழுபத்தஞ்சு அடி ஓட நாலரை செகண்டு.

நாலரை செகண்டு சார். மீதி அரை செகண்டு. அரை செகண்டு காத்துல போவும், புது எடத்துல போவும், எதுலயும் போவும். அவ பயப்படல. கால் நின்னு போவல. இங்க எப்டி ஓடுனாளோ அப்டியேதான் அங்கயும் ஓடுனா. கொறஞ்சது என் கோடு.

பத்து வருசமா பி.டி. பீரியட திருடுன அந்தம்மா மேல எனக்கு கோவம் இருந்துது. அன்னிக்கி அத விட்டுட்டேன். அவங்க கணக்கு தீந்துது.

ஹாஸ்டல்ல எடுத்திருக்க மாட்டாங்க, வாஸ்தவந்தான். அம்பத்தஞ்சு வேணுமே. அத நான் கேக்கல சார். இன்னும் ஒரு வருசம் ஓடியிருந்தா அம்பத்தஞ்சு வந்திருக்கும். ஓடலியே. பதினொண்ணாவது படிக்கிறா இப்போ. அன்னிலேர்ந்து ஒரு எட்டு ஓடுனதில்ல. காலைல பஸ்ஸு ஸ்டாப்ப வுட்டு கெளம்பும், கண்டக்டர் வா பாப்பா வா பாப்பான்னு கூப்புடுவாரு, மத்த புள்ளைங்கல்லாம் ஓடிப் போயி தொத்திக்கும். இவ நடந்துதான் போவா. பஸ்ஸு போயிடும். அடுத்த பஸ்ஸுக்கு நிப்பா. லேட்டுன்னு ஸ்கூல்ல முட்டி போட வெச்சாலும் போடுவா. ஓட மாட்டா.

இந்தக் கணக்க அவகிட்ட சொல்லலியான்னா? சொன்னேனே, சொல்லாம இருப்பேனா. டீச்சர் கணக்கு போட்ட அன்னிக்கே போயி சொன்னேன். அவ சோறு போட்டுகினே கேட்டா, நன்னா, அன்னிக்கி ஆபிஸ் ரூம்ல நீங்க இன்னா சொன்னீங்க?

அத உங்ககிட்ட நான் சொல்லலியே. அன்னிக்கி ஹெட்மாஸ்டர் யேசுதாசன மட்டும் கேக்கல சார். என் பக்கம் திரும்பி என்னையும் கேட்டாரு. பாய், நீங்க சொல்லுங்க, முப்பது வருசமா போடறீங்க, ட்ராக்கு சரியா கீதான்னு. யேசுதாசன் என்னையே பாக்குறாரு. மெஹ்ரீன் பாக்குறா. மெஹ்னாஸ் பாக்குறா. என் கோடு தப்புன்னு என் வாயால சொல்ல வரல சார். நாலடி தானே.

சரியா கீது சார்னுட்டேன்.

அதனால இப்போ நான் இன்னா சொன்னாலும் அவளுக்கு அது நன்னா சொல்ற ஆறுதலு. ரெண்டுல எது பொய்யி நன்னான்னு கேட்டா. அதுக்கப்பறம் அத பத்தி பேச்சே எடுக்கறதில்ல. அதான் யேசுதாசன்கிட்ட போனேன், அஸ்தினாபுரத்துக்கு. காப்பி குடுத்தாரு. விடுங்க பாய், பழைய கதன்னாரு. நான் எந்திரிக்கல. எங்க வூட்டுக்கு வந்து, பாய் டேப்பு கேட்டாரு, நான் குடுக்கலன்னு அந்தப் பொண்ணு மூஞ்சிய பாத்து ஒரு வார்த்த சொல்லுங்கன்னேன். ஒரே வார்த்த. தல குனிஞ்சிகினே, ஞாயித்துக்கெழம சர்ச் முடிஞ்சி வர்றேன் பாய்னாரு. நாலு ஞாயித்துக்கெழம ஆச்சு. ஒவ்வொரு வாரமும் நூர் பீவி ஒரு ஆளுக்கு சேத்து ஒல வெக்கிறா.

அந்த அளவ ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க சார். அம்பத்தெட்டு அடி ஆறு இன்ச்சுன்னு. கம்பெனி சீலு வேணாம், உங்களுக்கு எதுக்கு பேஜாரு. பேரு மட்டும் போடுங்க, தேதி போடுங்க. அவ கணக்குல கெட்டிக்காரி. நம்பர பாத்தா அவளே போட்டுக்குவா.

ரொம்ப தேங்க்ஸ் சார். சீட்ட மடிக்க மாட்டேன், அப்டியே எடுத்துகினு போறேன். இது ஒண்ணு வந்துடுச்சி. யேசுதாசன் குடுக்க வேண்டியது இன்னும் வரல. நாளைக்கி ஞாயித்துக்கெழம.

டேப்பு முனைய வுட்டுடட்டுமா சார்?